சினிமா வேட்பாளருக்குச் சூடச் சத்தியம்

பங்குனி, வெள்ளிக்கிழமை.

எங்கள் தெருவில் இன்று தேர்தல் பற்றி ஒரு சினிமாப் படம் எடுத்தாக. ஓட்டுக் கேட்டு வரும் வேட்பாளராக நடிக்கிறவர் முன்னால் நான் எரியும் சூடத்தைக் கையால் அடித்து அணைத்து, "என் ஓட்டு உங்களுக்குத்தான்" என்று சத்தியம் செய்ய வேண்டுமாம். அதுவும் மாரியம்மன் வாசலில்.

"நிசச் சூடத்துல பொய்ச் சத்தியம் பண்ண மாட்டேன் தம்பி" என்றேன் டைரக்டரிடம்.

"படம்தானேம்மா."

"அது அம்மனுக்குத் தெரியணுமே."

பக்கத்தில் நின்ற என் நாத்தனாருக்குச் சிரிப்பு. "அவரு எந்தத் தொகுதியிலயும் நிக்கலையே மதினி, எங்கன போய் ஓட்டுப் போடுவீக?"

என் பயமும் அதுதான். காப்பாற்றவே முடியாத சத்தியம்.

எல்லாரும் காத்திருந்ததால் மறுக்க முடியவில்லை. கேமரா ஓடியது. சூடத்தை அணைத்தேன். "சொன்னதைச் செய்யிறவரா இருந்தா என் ஓட்டு உங்களுக்கு" என்று வாயில் வந்துவிட்டது. அம்மன்தான் சொல்ல வைத்திருப்பாள்.

நடிகருக்கு வசனம் மறந்துபோச்சு. என் கையையே பார்த்தார். பிறகு மெதுவாக, "யோசிச்சுச் சொல்றேம்மா" என்றார். டைரக்டர் அதையே படத்தில் வைத்துக்கொண்டார்.

நிச வேட்பாளர் எத்தனையோ பேர் இந்த வாசலுக்கு வந்து போயிருக்காக. ஒருத்தரும் யோசிக்கணும்னு சொன்னதில்லை. அந்த மனுசன் எதை நினைச்சுச் சொன்னாரோ, கேட்டிருக்கலாம்.