எதிர்மலையில் ராணி

2024 ஜனவரி 3, புதன்

நாலு மணிக்குக் கம்ப்யூட்டரைப் போட்டேன். விளையாட்டு திறக்கவில்லை. நடுவில் மஞ்சள் கட்டம் ஒன்று வந்து நின்றது. இங்கிலீஷ் எழுத்து, எனக்கு வராது. மூடித் திறந்தேன். மறுபடியும் அதே மஞ்சள்.

ராணி காத்திருந்திருப்பாள். இருக்கட்டும்.

ஜனவரி 4

இன்றும் மஞ்சள்.

ஜனவரி 5, வெள்ளி

கட்டத்தைப் படம் பிடித்து டோஹாவில் இருக்கும் பேரன் கிருஷாந்துக்கு அனுப்பினேன். வேலை முடிந்து கூப்பிட்டான்.

"பாட்டி, அந்த விண்டோஸ் செவன் பழசாப் போச்சு. கேம்காரன் இனிமே அதுல ஓட விட மாட்டான்."

புதுசு போடேன் என்றேன்.

"மெஷின் கிழவி பாட்டி, தாங்காது."

கிழவி என்று யாரைச் சொன்னான் என்று தெரியும். மறக்க மாட்டேன்.

வெளிநாடு போகும் முன் அவன்தான் இந்த விளையாட்டை இரண்டு வீட்டிலும் போட்டுக் கொடுத்தான். கட்டுகஸ்தோட்டையில் எனக்கு, தெல்தெனியவில் என் தங்கை ஜெயராணிக்கு. திரையில் இரண்டு மலை. இந்த மலையில் என் பீரங்கி, எதிர்மலையில் அவளுடையது. காற்றைப் பார்த்து, சாய்வைப் பார்த்து, முறை வைத்துச் சுட வேண்டும். விளையாடினால் அக்காவும் தங்கையும் பேசிவிடுவார்கள் என்று பொடியன் நினைத்தான். விளையாடினோம். பேசவில்லை. அடியில் எழுதுவதற்கு ஒரு பெட்டி இருக்கிறது, அதில் இரண்டு பேரும் ஓர் எழுத்தும் எழுதியதில்லை. ஆனால் நாலு மணி தவறியதில்லை. அவள் வந்தால் உயிரோடு இருக்கிறாள் என்று அர்த்தம். எனக்கு அது தெரிந்தால் போதும்.

இப்போது அதுவும் தெரியவில்லை.

ஜனவரி 8, திங்கள்

ஆட்டோவில் மெஷினை ஏற்றிக்கொண்டு கைரியாவின் கடைக்குப் போனேன். பாலத்துக்கு இந்தப் பக்கம் கம்ப்யூட்டர் திருத்துகிற பெண் அவள். கழற்றிப் பார்த்தாள்.

"மெஷின்ல பிழையில்ல ஆச்சி. உள்ளுக்கு இரிக்கிற விண்டோஸ்தான் மவுத்தாப் போச்சு. லினக்ஸ் போட்டுத் தாரன். லேசான சாமான், இந்தப் பழசுலயும் ஓடும்."

"என் வெளையாட்டு?"

"அது விண்டோஸுக்குச் செஞ்சது. லினக்ஸ்ல நடுவுல ஒண்டு நிக்கும். இவர் செல்றத அவருக்கும், அவர் செல்றத இவருக்கும் அது எத்தி வைக்கும்."

நடுவில் ஆள் நின்று பேச்சுக் கொண்டுபோவது எனக்குப் புதிதல்ல. எங்கள் வீட்டுச் செய்தி தெல்தெனியவுக்கு அப்படித்தான் போகிறது.

"போட்டோ, கீட்டோ ஏதும் இரிக்கா? எடுத்து வெக்கணுமா?"

இருக்கிறது. ராணி மகளின் கல்யாணப் படம் முழுவதையும் கிருஷாந்த் அதில் கொட்டி வைத்திருந்தான், என்றைக்காவது நான் பார்ப்பேன் என்று.

"ஒண்ணும் வேணாம். மொத்தமாத் தொடைச்சிரு."

"யோசிச்சுச் செல்லுங்க ஆச்சி. போனாத் திரும்பி வராது."

"தொடை."

அந்தக் கல்யாணத்துக்கு என்னைப் போனில் அழைத்தார்கள். கூடப் பிறந்த அக்காவை, பெண்ணுக்குப் பெரியம்மாவை. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து என் வாசலுக்கு வரவில்லை. கடுகண்ணாவையில் இருக்கிற ராணியின் நாத்தனாருக்குப் புருசனும் பெண்டாட்டியுமாகப் போய்த் தட்டு வைத்தார்கள். அன்றைக்கு ராணி கட்டியிருந்தது கத்தரிப்பூக் கலர்ச் சேலை. கண்டியில் இறங்கித்தான் பஸ் மாறியிருக்கிறார்கள். கண்டியிலிருந்து என் வீடு என்ன தூரம்? நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்கக்கூட வாசலுக்கு ஆள் வரவில்லை.

ஜனவரி 11, வியாழன்

மெஷின் வந்துவிட்டது. கைரியாவே கொண்டுவந்து வயரெல்லாம் பூட்டினாள். முதலில் திரை கறுப்பு, சத்தம் மட்டும். குண்டு விழுகிறது, யார் மலையில் என்று தெரியவில்லை. நடுவில் நிற்கிற ஆளை மாற்றி வேறொன்றைப் போட்டாள். படம் வந்தது. முன்னைவிட வேகம், மெஷின் மூச்சு வாங்கவும் இல்லை.

லினக்ஸைத் திறக்க ஒரு கடவுச்சொல் வேண்டுமாம். "மறக்காத ஒண்ட வைங்க" என்றாள். ராணி மகளின் கல்யாணத் தேதியை வைத்தேன்.

விளையாட்டைத் திறந்தால், என் பெயரைக் கேட்கிறது. புதிதாக வந்தவள் மாதிரி. எதிர்மலை காலி. கைரியா உதட்டைக் கடித்தாள்.

"உங்கட கணக்கு மெஷினுக்குள்ளயே இரிந்திரிக்கி ஆச்சி. ஈமெயில் ஒண்டும் குடுக்காமப் பேரன் தொறந்து வெச்சிரிக்கார். தொடைச்ச நேரம் அதும் போயிட்டு."

"அப்ப ராணி?"

"அவங்கட வெளையாட்டு நம்பர் தெரிஞ்சா அழைப்பு ஒண்டு அனுப்புங்க. அவங்க ஏத்துக்கிட்டாப் பழையபடி வெளையாடலாம்."

நம்பர் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 12

நம்பரா தெரியாது? தினமும் அவள் பீரங்கிக்கு மேலே நின்ற நம்பர். கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன். "அழை" என்று ஒரு பச்சைப் பட்டன் வந்தது.

அமுக்கவில்லை. போனில் அழைத்ததற்கே நான் போகவில்லை. இப்ப நான் பட்டன்ல கூப்பிடுறதா? அவ சிரிக்க மாட்டா?

ஜனவரி 15, பொங்கல்

கிருஷாந்த் கூப்பிட்டான். "சின்னப் பாட்டிகிட்ட நான் பேசவா?" வேண்டாம் என்றேன். பால் நன்றாகப் பொங்கியது.

ஜனவரி 18, வியாழன்

மெஷினையே எதிர்மலையில் வைத்து விளையாடலாம் என்று கைரியா காட்டித் தந்திருந்தாள். விளையாடினேன். வென்றேன். ருசியில்லை. மெஷின் சுடுகிறது, ஆனால் யார்மேலும் சுடவில்லை. ராணியின் குண்டு எனக்கென்றே வரும். என் பீரங்கி ஒரு பக்கம் சாய்ந்த பிறகும் அதே பக்கத்தில் இன்னொன்று போடுவாள். சின்ன வயதிலேயே அப்படித்தான்.

ஜனவரி 20, சனி

அழைப்பது எப்படி என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் காட்டுகிறேன். அவள் செய்யாததை நான் செய்தால் அது அவளுக்குக் குத்த வேண்டும்.

சந்தையில் வெற்றிலை வாங்கினேன். கிழியாதது பார்த்து.

ஜனவரி 21, ஞாயிறு

கண்டிக்குப் போய் அங்கே தெல்தெனிய பஸ் பிடித்தேன். யன்னல் பக்கம் இடம் கிடைத்தது.

ராணி வீட்டு வாசலில் நின்று, பையிலிருந்து தாம்பாளத்தை எடுத்து, வெற்றிலை, பாக்கு, கற்கண்டு, குங்குமம் எல்லாம் அடுக்கிய பிறகுதான் கதவைத் தட்டினேன். திறந்தவள் என்னைப் பார்க்கவில்லை, தட்டைத்தான் பார்த்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது.

"என்னக்கா, யாருக்குக் கல்யாணம்?"

"ஒருத்தருக்கும் இல்ல. நாலு மணிக்கு வெளையாட வா. அழைக்க வந்தேன். இப்படித்தான் அழைக்கிறது."

அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள்.

"வெத்தல வச்சுக் குண்டு போடக் கூப்பிடுற ஒரே ஆளு இந்த ஊர்லயே நீதான்க்கா."

"எடுக்கிறியா, கொண்டு போகவா?"

இரண்டு கையாலும் வாங்கினாள். குத்தியது என்று முகத்தில் தெரிந்தது.

"எதுல வெளையாடச் சொல்ற? வந்து பாரு" என்று உள்ளே கூட்டிப் போய்க் கம்ப்யூட்டரைப் போட்டாள். அதே மஞ்சள் கட்டம்.

"நீதான் என்னைய வெட்டி விட்டுட்டேன்னு நெனச்சேன்" என்றாள். "நாலு மணியானா இதத் தொறந்து வச்சுட்டு ஒக்காந்திருப்பேன்."

பட்டனை அமுக்கியிருந்தால் அந்த அழைப்பு யாரும் திறக்காத வீட்டு வாசலில் கிடந்திருக்கும்.

சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள். தண்ணீர் மட்டும் குடித்தேன். சாப்பாட்டுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

ஜனவரி 24, புதன்

ராணியின் புருசன் லெட்சுமணன் தங்கள் வீட்டு மெஷினைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் கொண்டுவந்தார். என் வாசலில் நின்று, "அன்னைக்கு வேலை நெருக்கடில போன்லயே சொல்லிட்டோம் மதினி" என்று ஆரம்பித்தார். கைரியாவின் கடைக்கு வழி சொன்னேன்.

கைரியா இந்த முறை கணக்கைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் லினக்ஸ் போட்டாளாம். ராணிக்குப் பழைய நம்பரே இருக்கிறது.

ஜனவரி 28, ஞாயிறு

அந்தப் பச்சைப் பட்டனை அமுக்கினேன். வெற்றிலை வைத்த பிறகு பட்டன் அமுக்குவதில் குற்றமில்லை.

உடனே வந்தாள். வந்ததும் சுட்டாள்.

ஜனவரி 29, திங்கள்

சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு நாலு மணிக்கு உட்கார்ந்தேன். தோற்றேன். காற்று முழுக்க அவள் பக்கம்.

போனை எடுத்து அவளைக் கூப்பிட்டு அதைச் சொன்னேன்.

"காத்து மேல பழி போடாத. ஒனக்குக் கை நடுங்குது" என்றாள்.

"நடுங்குறது ஒன் நாக்கு" என்றேன்.

பிறகு அவளுடைய முழங்கால் வலி, மகளுக்கு வந்திருக்கிற இடமாற்றம், லெட்சுமணன் சாக்கோடு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த கதை. கல்யாண விஷயத்தை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. நான் மறந்துவிட்டேன் என்று அவள் நினைக்க வேண்டாம்.

சோறு அடிப்பிடித்துவிட்டது. ராத்திரிக்குக் கடைப் பாண் நாலு துண்டு.