விழாத பாவாடை

நைனா,

இன்று காலை இராயபுரத்தில் ரயிலை விட்டு இறங்கியதும் தார் வாசனை. துறைமுகச் சுவருக்கு அப்பால் யாரோ கயிற்றுக்குத் தார் பூசிக்கொண்டிருக்க வேண்டும். முதலில் நினைவுக்கு வந்தது நீ இல்லை. அந்தப் பாவாடை. அதற்குப் பின்னால்தான் நீ வந்தாய், உள்ளங்கையில் ஊசி தள்ளும் தோல் பட்டையும் வாயில் நூலுமாக.

எனக்கு அப்போது ஏழு வயது. பள்ளிக்கூட நாடகத்தில் நான் ராஜகுமாரி. வெள்ளிக்கிழமைக்குள் உடுப்பு வராவிட்டால் வேடம் வேறொருத்திக்கு என்று டீச்சர் சொல்லிவிட்டார். அழுதுகொண்டே வந்து உன்னிடம் சொன்னேன். படகுக்குப் பாய் தைக்கிறவன் நீ. ராஜகுமாரியை நீ எங்கே பார்த்திருக்கிறாய்?

அளவெடுக்கும்போது நீ கேட்டது ஒன்றே ஒன்று.

"நாடகம் வெளியிலயா? காத்து எந்தப் பக்கம்?"

"கடல் பக்கம், நைனா."

தலையாட்டினாய். ஊசியை எடுத்தாய். பாயில் வெட்டி மிஞ்சிய துணி. அம்மா துணிக்குப் போடும் நீலத்தை அள்ளிக் கரைத்து அதை வானத்து நிறமாக்கினாள். பாயின் ஓரத்தில் தார் பூசிய கயிறு வைத்துத் தைப்பது உன் வழக்கம், காற்றில் கிழியாமல் இருக்க. பாவாடையின் ஓரத்திலும் வைத்துவிட்டாய்.

அம்மா சுற்றி வந்து பார்த்தாள். "புள்ளைக்குப் பாவாடை தைக்கச் சொன்னா கூடாரம் கட்டிகினு கீறே."

உண்மைதான். அதைத் தரையில் வைத்தால் நான் இல்லாமலே நின்றது.

கதையை உனக்கு முன்பே சொல்லியிருந்தேன். பாம்பு கடிக்கும். ராஜகுமாரி விழுவாள். முனிவர் வந்து எழுப்புவார். ஒரு தடவை இல்லை, பல தடவை சொன்னேன்.

நாடகத்தன்று கடல்காற்று பலமாக இருந்தது. திரை பறந்தது. ராஜாவின் தாடி பறந்தது. என் பாவாடை அசையவில்லை. பாம்பு கடித்தது. முழங்காலை மடக்கினேன். நான் இறங்கினேன், பாவாடை இறங்கவில்லை. அக்குள் வரை உள்ளே போய் அங்கேயே சிக்கிக்கொண்டேன். பார்க்கிறவர்களுக்கு ராஜகுமாரி விழவில்லை, குட்டையாகிவிட்டாள்.

முனிவராக வந்தவள் என் காதில், "வுழுடி" என்றாள்.

"முடியலடி."

முன்வரிசையில் ஒருவர், "பாப்பா சாவ மாட்டேங்குது" என்றார். கூட்டம் சிரித்தது. டீச்சர் திரைக்கயிற்றில் கை வைத்துவிட்டார். எல்லாம் போயிற்று என்று எனக்குத் தெரிந்தது.

கூட்டத்தின் பின்னால் நின்றிருந்த நீ கைகளை வாயருகே குவித்தாய். கடற்கரையில் படகைக் கூப்பிடுகிற அதே குரல்.

"இன்னா சாமி, பாத்துகினு நிக்கிறே? நின்னாப்பலயே எழுப்பு."

முனிவர் பயந்துபோய்த் தண்ணீர் தெளித்தாள். நான் காலை நீட்டினேன். நீலத்துக்குள்ளிருந்து மெல்ல உயர்ந்தேன். கைதட்டல் வெகுநேரம் ஓயவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் உன் தோளிலிருந்து கேட்டேன். "நான் வுழணும்னு சொன்னேன்ல, நைனா?"

"சொன்னே."

"அப்புறம் ஏன்?"

"பாய் தைக்கிறவன்கிட்ட வந்து, வுழறதுக்குத் துணி கேட்டா?"

சிரித்தாய். கல்லூரியில் எத்தனையோ புத்தகங்களுக்குப் பொருள் சொல்லிப் பழகினேன். அந்தச் சிரிப்புக்குச் சொல்லத் தெரியவில்லை. பழக்க தோஷத்தில் வைத்த கயிறா? தெரிந்தே வைத்ததா? கதை உனக்குப் பிடிக்கவில்லையா?

கேட்டிருக்கலாம். எப்போதும் கேட்கலாம் என்று இருந்துவிட்டேன்.

உன்னைப் பாடையில் எடுத்துக்கொண்டு போன அன்று, நான் விழுந்துவிடுவேன் என்று இரண்டு பக்கமும் பெண்கள் என் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். முழங்கால் மடங்கியது. ஆனால் நான் விழவில்லை, அங்கேயே நின்றேன். அவர்கள் மெதுவாகக் கையை எடுத்தார்கள்.

குனிந்து சேலையின் ஓரத்தைப் பார்த்தேன். கயிறு ஏதும் இல்லை. வெறும் துணிதான், நைனா.