கோட்டை மேட்டில் சந்தித்தவர்கள்

தேக்கா, சிங்கப்பூர்
ஆவணி, 1961

அன்புள்ள அத்தானுக்கு,

மங்களம் வணங்கி எழுதுவது. இங்கே நானும் சுந்தரியும் என் தம்பி அழகப்பனும் சுகம். புருணையில் மழை விட்டதா, உங்கள் இருமல் குறைந்ததா, அந்தக் கம்பெனிச் சமையல்காரன் இன்னும் ரசத்தில் சீனி போடுகிறானா என்று எழுதுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் நம் பெண்ணைப் பார்த்த விவரத்தை ஒரு வரியில் எழுதச் சொல்லியிருந்தீர்கள். ஒரு வரியில் அடங்குகிற மாதிரி அது நடக்கவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்து படியுங்கள். கோபம் வந்தால் என் மேல் வரட்டும், பிள்ளை மேல் வேண்டாம்.

இரண்டு இடத்துக்காரர்கள் வீட்டுக்கு வந்து கேசரியும் பஜ்ஜியும் தின்றுவிட்டு, பிறகு சொல்லி அனுப்புகிறோம் என்று போனதில் சுந்தரி எப்படி ஒடுங்கிப் போனாள் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால்தானே இந்தத் தடவை ஏதோ தற்செயலாகச் சந்தித்ததுபோல் வெளியில் பார்க்கட்டும் என்று நீங்களும் பையனைப் பெற்ற செம்பவாங் சேதுபதியும் முடிவு செய்தீர்கள்? பாசிர் பாஞ்சாங் கடலோரத்தில், செங்குத்து மேட்டின் மேல் இடிந்து கிடக்கும் வெள்ளைக்காரன் கோட்டையைச் சொன்னவர் தரகர் வேலாயுதம். யாரும் பெயர் கேட்கக்கூடாது, கல்யாணப் பேச்சே எடுக்கக்கூடாது, பிள்ளைகள் கூச்சப்படும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நாங்களும் அப்படியே நடந்தோம். வினையே அதுதான்.

மேலே ஏறிப் போனால், பீரங்கி இருந்த இடத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. அப்பா, அம்மா, கண்ணாடி போட்ட ஒரு பையன். தரகர் சொன்ன அடையாளம் சரியாக இருந்தது. அழகப்பன் என்னை இடித்தான். நான் அந்த அம்மாளைப் பார்த்து, எல்லாம் தெரியும் என்பதுபோல் சிரித்தேன். அவரும் சிரித்தார். அப்புறம் என்ன, புளியோதரையும் முட்டைக் கறியும் அங்கே போயின, இடியப்பமும் சம்பலும் இங்கே வந்தன. சேதுபதி வீட்டில் இடியப்பமா என்று நினைத்தேன். அந்த அம்மாள் சுந்தரியைப் பார்த்து "பிள்ளை நல்ல வடிவு" என்றபோதும், செம்பவாங்கில் எல்லா ஊர்க்காரர்களும் கலந்து இருப்பதால் பேச்சு மாறிவிட்டதாக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். என் மூளையை என்ன சொல்ல!

சுந்தரி இடிந்த சுவரோரம் போய்க் கீழே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பையன் பத்தடி தள்ளியே ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஏன் என்று அவளே கேட்டாள். "எனக்கு உயரமெண்டால் பயம்" என்றான், கொஞ்சமும் மறைக்காமல். அத்தான், நம் சுந்தரி சிரித்தாள். வாயைப் பொத்தாமல், தோள் குலுங்கச் சிரித்தாள். அந்தச் சத்தம் கேட்டு எத்தனை மாதமாகிறது! இறங்கும்போது தன் குடையின் ஒரு முனையை அவனிடம் நீட்டினாள். அவன் அதைப் பிடித்துக்கொண்டே சரிவில் இறங்கினான். பெரியவர்கள் நாங்கள் வேறெங்கோ பார்த்தோம்.

பஸ் நிற்கும் இடத்தில்தான் குட்டு உடைந்தது. மேற்கொண்டு எப்போது பேசலாம் என்று அழகப்பன் மெதுவாகக் கேட்க, அந்தப் பெரியவர் விழித்தார். அவர்கள் சும்மா காற்று வாங்க வந்தவர்களாம். யாழ்ப்பாணத்துக்காரர்கள். அவர் பெயர் விஸ்வலிங்கம், ஓய்வுபெற்ற கிளார்க். பையன் அம்பிகைபாகன் பள்ளிக்கூட வாத்தியார். எனக்கு அங்கேயே பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. சேதுபதி குடும்பமோ, அவர் சம்சாரத்துக்கு மூட்டுவலி என்று மேலே ஏறாமல், தரகரோடு கீழே கடற்கரையில் மாலைவரை எங்களுக்காகக் காத்திருந்திருக்கிறது. பாவம், அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. வரும் ஞாயிறு மறுபடி வரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறார்கள்.

இதற்கிடையில், பஸ்ஸுக்கு நின்றபோது அழகப்பன் சொன்ன விலாசத்தை வைத்துக்கொண்டு விஸ்வலிங்கம் மனைவியோடு நம் வீட்டுக்கே வந்துவிட்டார். "இந்த முறை தற்செயலா வரேல்லை, பிள்ளையைக் கேட்கத்தான் வந்தனாங்கள்" என்றார். இந்தியாக்காரர் வீட்டில் பெண் எடுத்தால் தங்கள் சொந்தக்காரர்களும் முகம் சுளிப்பார்கள், அதைத் தாங்கள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அவள் அப்பாவைக் கேட்காமல் நான் ஒரு வார்த்தை சொல்ல முடியாது என்று காப்பி கொடுத்து அனுப்பினேன். நம் பக்கத்தில் என்ன பேசுவார்கள் என்பது எனக்கும் தெரியும். நீங்கள் சேதுபதியிடம் ஏறக்குறைய வாக்கே கொடுத்திருக்கிறீர்கள் என்பதும் தெரியும்.

சுந்தரியிடம் கேட்டேன். அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. "அப்பா சொன்னா ஞாயித்துக்கெழமை வர்றேம்மா. ஆனா என்னைச் சிரிக்க மட்டும் சொல்லாதீங்க" என்றாள்.

தரகரிடம் பெண்ணுக்குக் காய்ச்சல் என்று ஒரு பொய் சொல்லி இந்த ஞாயிற்றைத் தள்ளிவிடுவேன். அடுத்ததற்கும் பொய் சொல்ல என்னால் ஆகாது. இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சேதுபதிக்கு நீங்களே பக்குவமாக ஒரு கடிதம் போடுங்கள். உங்களுக்கு மனமில்லை என்றால் அதையும் எழுதுங்கள், நான் அவளைச் சேதுபதி வீட்டார் பார்க்கக் கூட்டிக்கொண்டு போகிறேன். உங்கள் சொல்லை நான் என்றைக்கும் தட்டியதில்லை.

ஆனால் அத்தான், அன்றைக்கு அந்த மேட்டில் நீங்கள் இல்லை. நான் இருந்தேன். அதனால்தான் இவ்வளவு தூரம் கேட்கிறேன்.

முருகன் உங்களுக்கு உடம்புக்குச் சுகத்தையும் எங்களுக்கு நல்ல பதிலையும் தரட்டும்.

உங்கள்
மங்களம்