பஷீராவின் லாவெண்டர்

12 மார்ச் 1944, ஞாயிறு
பஷீராவுக்கு இன்றும் கால் வீக்கம். அழுத்தினால் விரல் பதிகிறது. படுக்கச் சொன்னால் கேட்கவில்லை. குந்தியபடியே லாவெண்டர் தொட்டிகளில் சிப்பியை இடித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஜப்பான் சண்டைக்கு முன் கேமரன் மலையிலிருந்து வந்தது ஒரே குச்சி. இப்போது நான்கு செடிகள். இந்தச் சூட்டில் பூத்ததே இல்லை.
"பூக்காட்டி என்ன மச்சான், இலை மணக்குதே" என்கிறாள்.

2 ஏப்ரல்
தெருத் தலைவர் வந்தார். ஜப்பான்காரன் உத்தரவாம், எங்கள் காஜா பேராங்கில் எல்லா முற்றத்திலும் மரவள்ளி போட வேண்டுமாம். தொட்டிகளைக் காட்டி, "இது திங்கிறதா?" என்றார்.
"மருந்து" என்றாள் பஷீரா, முகம் மாறாமல். போய்விட்டார். ரொம்ப நாளைக்குப் பிறகு இருவரும் சிரித்தோம். அவளுக்கு மூச்சு வாங்கியது.

19 ஏப்ரல்
பெரிபெரி என்கிறார் ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர். தவிடு கொடுக்கணுமாம். அரிசியையே காணாத ஊரில் தவிட்டுக்கு எங்கே போவேன்?

26 ஏப்ரல்
செமாபோக் வரை நடந்து, என் கோட்டுச் சட்டையைக் கொடுத்துக் கொஞ்சம் தவிடு வாங்கி வந்தேன். அவளால் விழுங்க முடியவில்லை.
"செடி இலை மேல ஊத்தாதீங்க. மண்ணு காஞ்சா மட்டும் தண்ணி."
இப்பப் பேசற பேச்சா இது?

1 மே
பஷீரா போய்விட்டாள். சுபுஹுத் தொழுகைக்கு முன்.

2 மே
மையத்தைக் குளிப்பாட்ட வந்த ரோஷன் பீவி நேற்றுக் கேட்டார்: "கடைசித் தண்ணிக்குக் கற்பூரம் எங்க தம்பி?"
கடைத்தெருவில் எங்கேயும் இல்லை. உடலைச் சுற்றக் கஃபன் துணியும் இல்லை. அவளுடைய துப்பட்டிகளைத்தான் எடுத்தோம். முற்றத்துக்குப் போய்ச் செடிகளைப் பிடித்து உருவினேன். பார்த்துப் பார்த்து வளத்தா— நான் மொட்டையா உருவிட்டேன். கடைசித் தண்ணீரில் அந்த இலையைப் போட்டார்கள்.
கபர்ஸ்தான் வரைக்கும் மணந்தா.

30 மே
மூன்று செடிகள் பட்டுவிட்டன. மொட்டைக் குச்சி தளிர்க்காதாம். யாருக்குத் தெரியும்? அவளுக்குத் தெரிந்திருக்கும். சுவரோரம் கை படாத ஒன்று மட்டும் பச்சையாக இருக்கிறது. அதில் கிள்ளி மணலில் ஊன்றினேன்.

17 நவம்பர்
மழை. தொட்டிகளைக் கூரைக்கடியில் இழுத்து வைத்தேன். ஊன்றியதெல்லாம் வேர் பிடித்துவிட்டது; இவ்வளவு தொட்டி வேண்டாம்தான். ஆனால் ரோஷன் பீவி சொல்லி ஆட்கள் வருகிறார்கள், மையத்தைக் குளிப்பாட்ட இலை கேட்டு. நுனியை மட்டும் கிள்ளிக் கொடுக்கிறேன்.

8 பிப்ரவரி 1945
மீன் விற்கும் அலி அக்பர் காலையில் வாசலில் வந்து நின்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.
"இலை வேணும், பாய்."
தொட்டிகளிடம் போனேன். யாருக்கு என்று அவரே சொன்னார்.
"சின்னப் புள்ளதான். கொஞ்சம் போதும்."
கை நிறையப் பறித்துக் கொடுத்தேன்.