மாலை போடாத படம்

அண்ணை,

உங்கள் சிவப்புப் பொப்பிப் பூ என் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. போரில் செத்தவர்களுக்காக கனடாக்காரர் நவம்பரில் சட்டையில் குத்துவதை நீங்கள் வருடம் முழுக்கக் குத்தித் திரிந்தீர்கள். நேற்று உங்கள் மகள் கொண்டுவந்தாள். "அப்பா உங்களிட்டக் குடுக்கச் சொன்னவர், அன்ரி. முப்பத்தோராம் நாள் கல்வெட்டுக்கும் நீங்கள்தான் எழுதவேணும்" என்றாள். செத்தவரைப் புகழ்ந்து அச்சடித்து, சாப்பிட வந்தவர் கையில் கொடுக்கும் புத்தகம். உங்களைப் புகழ என்னை விட்டால் ஆளில்லையாம்!

லாசாலில், உங்கள் வீட்டில், பிளேன்ரீயை ஆறவிட்டு நீங்கள் பிரான்சின் டியெப் கடற்கரையைப் பற்றிக் கதைப்பீர்கள். "இரண்டாம் உலகப்போரில இந்த மொன்றியல் பெடியளும் கடலால இறங்கித்தான் செத்தவங்கள். தோல்விதான். ஆனா அந்தப் பாடத்தாலதான் பேந்து நோர்மண்டியில வெண்டவங்கள்." ஊரில் இயக்கப் பொறுப்பாளராய் எங்கள் பெடியளை நீங்கள் படகேற்றி அனுப்பித் தோற்ற தரையிறக்கத்துக்கும் அதே நியாயம்தான். பாடம் படித்தவர் நீங்கள், செத்தவன் என் தம்பி. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். நீங்கள் ஊரார் பிள்ளையைப் படகேற்றினீர்கள். உங்கள் பிள்ளை இங்கே நன்றாக வளர்ந்தது.

தோற்ற மறுநாள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னீர்கள்: "பிடிபட்டிருப்பான், அம்மா. வருவான். படத்துக்கு மாலை போட்டிடாதேங்கோ." அம்மா போடவில்லை. அந்தியேட்டிச் சடங்கும் செய்யவில்லை. நான் ஸ்பொன்சர் செய்து இங்கே நோத்ர-டாம்-த-கிரேஸில் என் வீட்டுக்குக் கூப்பிட்ட பிறகும், அவன் வந்தால் போட என்று ஒரு குளிர்க்கோட்டு வாங்கி வைத்திருந்தார். அதே வீட்டில்தான் கண்ணை மூடினார்.

போன மாதம் கோட்-டெ-நெய்ஜ் ஆசுபத்திரிக் கட்டிலில் உங்களுக்கு வாய் திறந்தது.

"அவன்ர படகு வெடிச்சதைக் கரையில நிண்டு பாத்தனான், தங்கச்சி."

"அப்ப ஏன் அம்மாவுக்குப் பொய் சொன்னனீங்கள்?"

"ஒரு வீட்டில செத்தவீடு நடந்தா மற்றத் தாய்மார் பிள்ளையளை இயக்கத்துக்கு விடமாட்டினம்."

மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. கஞ்சி ஆறிப்போச்சு என்று தாதியிடம் குறைப்பட்டீர்கள்.

கல்வெட்டுக்கு என் பக்கம் இதுதான். அச்சடிப்பதும் விடுவதும் உங்கள் மகளின் பாடு. பூவையும் இதோடு திருப்பி அனுப்புகிறேன்.

உங்களை நான் மன்னிக்கவில்லை, அண்ணை. சாகும்வரை மன்னிக்கவும் மாட்டேன். முப்பத்தோராம் நாளுக்கு வெறுங்கையோடு போகக்கூடாதென்று உங்கள் படத்துக்கு ஒரு மாலை வாங்கினேன். இன்று காலை அதைத் தம்பியின் படத்துக்குப் போட்டேன்.