ராஜி பார்த்த பண்டிங்

டிச. 14, ஞாயிறு
மூடுபனி. பெஹாலா வீட்டைக் காலி செய்ய இன்னும் பத்து நாள். இன்று புத்தக அலமாரி. நியூ டவுனிலிருந்து மகள் லதா போன்: "அம்மா, இங்க ரெண்டே ஷெல்ஃப்தான். பாத்து எடுத்துண்டு வா."

பழைய பறவைப் புத்தகத்துக்குள் ஒரு குருவியின் போட்டோ. ராஜி எடுத்தது. பேங்க்கில் பக்கத்து சீட் அவள். ஞாயிறானால் இருவரும் முதல் பஸ் பிடித்து ராஜர்ஹாட் வயல்களுக்கு, பறவை பார்க்க. அறுத்த நெல் தாள், ஈரச் செருப்பு, பிளாஸ்கில் டீ. அந்த வயல்கள்தான் இப்போது நியூ டவுன்.

டிச. 15
இருமல். மிளகு ரசம். அட்டைப்பெட்டி போதவில்லை.

அந்தப் போட்டோ எடுத்த ஞாயிறு, ராஜி என் கையைப் பிடித்து இழுத்தாள். "மஞ்சள் மார்பு பண்டிங்டி. பொண்ணு." குளிருக்கு வந்து போகும் சின்னப் பறவை. சட்டென்று ஒரு கிளிக். நான் திரும்புவதற்குள் பறந்துவிட்டது. "தூக்கணாங்குருவியா இருக்கும்," என்றேன். எங்கள் பறவை கிளப்பின் லிஸ்ட் என் பொறுப்பு. மாதக் கூட்டத்தில், எல்லார் முன்னாலும், அவள் எழுதிய வரியை அடித்தேன். பிறகு போட்டோவைக் கொண்டுவந்து கொடுத்தாள். நான் அதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

அதோடு ஞாயிறுகள் நின்றன. இருபது வருஷத்துக்கு மேல். கல்யாண வீடுகளில் தலையாட்டல் மட்டும்.

டிச. 16
நல்ல வெயில். போட்டோவை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். விலாவில் கோடுகள். கண்ணுக்கு மேல் அகல வெளிர்ப்பட்டை. வால் ஓரம் வெள்ளை. தூக்கணாங்குருவிக்கு அது கிடையாது. பண்டிங்தான். குடும்பமே வேறு.

பழைய புத்தகத்தில் பண்டிங்கும் ஃபிஞ்சும் ஒரே குடும்பம். இப்போது தனித்தனி. புத்தகம் எழுதுகிறவர்களே மாற்றிக்கொள்கிறார்கள். நான் அடித்த ஒரு வரியை மாற்றவில்லை. ஒரு காலத்தில் கூட்டம் கூட்டமாக இருந்த பறவையாம். இப்போது உலகத்திலேயே அரிது.

டிச. 18
ஜாதவ்பூரில் ராஜி வீடு. அவளே கதவைத் திறந்தாள். முடி முழுக்க வெள்ளை. போட்டோவை நீட்டினேன்.

"நீ சொன்னதுதான் சரி, ராஜி."

அவள் வாங்கவில்லை. உள்ளே போய்க் காபியோடு வந்தாள்.

"அது எனக்கு அன்னிக்கே தெரியும். பத்து வருஷம் பக்கத்துல உக்காந்திருக்கேன். நான் சொன்னா நம்பியிருக்கலாம், இல்லையா?"

போட்டோவை மேஜைமேல் வைத்தேன். காபி ஆறிப்போயிற்று. கிளம்பும்போது அவளாகவே: "அதைப் பார்த்த இடம் எனக்கு ஞாபகம் இருக்கு. வரயா?"

டிச. 21, ஞாயிறு
நியூ டவுன். ராஜி முன்னால், நான் பின்னால். ஏதோ ஒரு அபார்ட்மென்ட்டின் கார் பார்க்கிங். சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு தூணருகே நின்றாள்.

"இங்கதான்."

எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.