அறுத்த பல்

வாழவந்தி நாடு, கொல்லிமலை
11.2.2007

பரிமளாவுக்கு அண்ணன் சிவபிரகாஷ் எழுதுவது.

அம்மா நலம். நான் நலமாக இல்லை. உன் பார்சல் நேற்று வந்தது. அப்பா கிணறு வெட்டும்போது மண்ணுக்குள் கிடைத்த பெரிய பல், இத்தனை வருடமாகச் சாமி மாடத்தில் திருநீறு பூசி வைத்திருந்த பல், பாதியாக வந்திருக்கிறது. ரம்பம் ஓடிய தடம் வெள்ளையாகத் தெரிகிறது. கொண்டுபோகும்போது என்ன சொன்னாய்? "போட்டோ புடிச்சுட்டுக் குடுத்தர்றேன் அண்ணா." ஐதராபாத்தில் போட்டோவை ரம்பத்தால்தான் பிடிக்கிறார்களா?

அப்பா இறந்து இன்னும் தலைத்திவசம்கூட வரவில்லை. யாரைக் கேட்டு அறுத்தாய்? எழுது. போன் செய்யாதே, வாயில் என்ன வருமென்று எனக்கே தெரியாது.

சிவபிரகாஷ்

ஐதராபாத்
19.2.2007

அண்ணனுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை ஆய்வகத்தில் நின்றபடியே படித்தேன். கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

யாரைக் கேட்டேனா? அம்மாவைக் கேட்டேன். பாதி தூளாகிவிடும் என்று சொல்லித்தான் கேட்டேன். "அறுத்துப் பாரு கண்ணு. அது என்ன சீவன்னு தெரியாமயே உங்கப்பா போயிட்டாரு" என்றார். போட்டோ என்று சொல்லச் சொன்னதும் அவர்தான். "அவனுக்குத் தெரிஞ்சா ஊடு ரெண்டாயிரும்."

பல்லுக்குள் இருக்கும் புரதம் மணி கோத்த மாலை மாதிரி. எந்த மணிக்குப் பிறகு எந்த மணி என்று படித்து, யானை, காண்டாமிருகம், காட்டெருமை இவற்றின் மாலைகளோடு ஒத்துப் பார்த்தால், அந்தப் பழைய விலங்கு இவற்றில் எதற்கு நெருங்கிய சொந்தம் என்று தெரியும். இதைத்தான் நான் இத்தனை காலமாகப் படிக்கிறேன். ஒரு நாளாவது கேட்டீர்களா? "எலும்பு நோண்டற வேலை" என்று அண்ணியிடம் சொல்லிச் சிரித்தது என் காதில் விழாமல் இல்லை.

பரிமளா

வாழவந்தி நாடு
2.3.2007

பரிமளா,

அம்மாவிடம் கேட்டேன். மரவள்ளிக்கிழங்கை உரித்துக்கொண்டே, தலை நிமிராமல், "ஆமா, நாந்தான் சொன்னேன்" என்றார். நான் சாப்பிடாமல் எழுந்து காட்டுக்குப் போய்விட்டேன்.

கிணற்றுக்குள் அப்பாவோடு இறங்கியவன் நான். நீ அப்போது நாமக்கல் விடுதியில் இருந்தாய். என் கடப்பாறைதான் அதன்மேல் பட்டது. "நிறுத்து சாமி, கையால தோண்டு" என்றார் அப்பா. சேறும் பல்லுமாக மடியில் கட்டிக்கொண்டு மேலே ஏறியவன் நான். அது என்னவென்று தெரிந்துகொள்ளும் ஆசை எனக்கும் இருக்குமென்று உங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. இவன் கத்துவான், இவனுக்கு என்ன புரியும் என்று நினைத்துவிட்டீர்கள். நான் கத்துகிறவன்தான். அதற்காக?

சரி, அறுத்தாய். என்ன விலங்கு? அதையாவது எழுது.

சிவபிரகாஷ்

ஐதராபாத்
14.3.2007

அண்ணனுக்கு,

தெரியவில்லை.

மாலை அறுந்து, மணிகளும் பொடிந்துபோயிருக்கின்றன. பனி உறையும் நாடுகளில் புரதம் வெகுகாலம் நிற்கும். நம் மண்ணின் சூட்டில் நிற்கவில்லை. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன். கருவியில் ஒன்றும் வரவில்லை.

பல்லின் மறுபாதியில், வேரை ஒட்டி உள்ளே ஏதாவது மிஞ்சியிருக்கலாம், அதையும் வாங்கி வா என்கிறார் எங்கள் பேராசிரியர். முடியாது என்று சொல்லிவிட்டேன். இனி அதை யாரும் தொடமாட்டார்கள். போதுமா உங்களுக்கு?

பரிமளா

வாழவந்தி நாடு
25.3.2007

பரிமளா,

போதாது.

அம்மாவோடு நான் இன்னும் பேசவில்லை. சோறு போடுகிறார், தின்கிறேன்.

உன் கடிதத்தை உன் அண்ணி படித்துக் காட்டினாள், பிறகு நானும் படித்தேன். முதல் பாதியை எனக்குத் தெரியாமல் அறுத்தாய். இரண்டாவது பாதியைப் பேராசிரியர் கேட்டபோது முடியாது என்றாய். அதையும் என்னைக் கேட்காமல்தானே சொன்னாய்? தருவதா வேண்டாமா என்று சொல்ல வேண்டியவன் இங்கே இருக்கிறேன்.

அந்த மனிதரிடம் இனி ஒன்றும் சொல்லாதே. சித்திரையில் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறி வா. அம்மாவை நடுவில் நிறுத்தாதே. எதற்கு அறுக்க வேண்டும், அறுத்தாலும் என்ன விலங்கென்று தெரியாமலே போய்விடுமா, எல்லாவற்றையும் என் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கேள்.

தருவேனா என்பதை அப்போது சொல்கிறேன்.

சிவபிரகாஷ்